முழுக்கட்டை ரைபிளின் குறியைத் திருத்த ஐந்து வழிகள்: மதுரைத் தட்பவெப்பத்துக்கு எது தாங்கும்?

பேரலின் நுனி வரைக்கும் மரம் ஓடுகிற குட்டை ரைபிளுக்குத் தனி அழகு உண்டு. 1903இல் ஆஸ்திரியாவின் ஸ்டெய்ர் ஆலையிலிருந்து வந்த மான்லிஹர்–ஷோனாவர் கார்பைன் இந்த வடிவத்தைப் புகழ்பெறச் செய்தது. அதனால்தான் இன்றைக்கும் இதற்கு மான்லிஹர் ஸ்டாக் என்று பெயர். பின்னாளில் செக் நாட்டு பிர்னோ, சி-இசட் ஆலைகளும் முழுக்கட்டை ரைபிள்களைச் செய்தன. மதுரைப் பக்கத்தில் இப்படியொரு .22 (துளை விட்டம் 0.22 அங்குலம்) ரைபிள் யாரிடமாவது இருந்தால், பெரும்பாலும் அது அப்பா காலத்து உரிமத்தோடு கைமாறி வந்ததாகத்தான் இருக்கும்.

வைத்திருப்பவர்கள் சொல்லும் குறையும் ஏறக்குறைய ஒன்றுதான். பங்குனியில் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) சரிசெய்து வைத்தால் ஐப்பசியில் குறி ஒன்றரை விரற்கடை தள்ளி விழுகிறது. காலை ஏழு மணிக்கு ஒரு இடம், பத்து மணி வெயிலில் இன்னொரு இடம். பேரல் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். உண்மையில் பேரல் நன்றாகத்தான் இருக்கும். அலைவது மரம். பேரல் குட்டையாக இருப்பதும் குற்றம் இல்லை. .22 எல்.ஆர். தோட்டாவின் மருந்து 16 அங்குலப் பேரலுக்குள்ளேயே தன் வேலையைக் கிட்டத்தட்ட முடித்துவிடும். ஒரே கனத்தில் குட்டைப் பேரல் நீளப் பேரலைவிட விறைப்பு. ஆகவே 20 அங்குலப் பேரல் குறி தவறுவதற்கு நீளத்தைக் காரணம் காட்ட வேண்டாம்.

திருத்துவதற்கு ஐந்து வழிகள் புழக்கத்தில் உள்ளன. மரத்தைத் தொடாமல் மற்றவற்றைச் சீராக்குவது, பேரல் படுக்கும் காடியை அகட்டுவது, நுனியில் அளந்த அழுத்தம் கொடுப்பது, பேரலின் வேரில் போல்ட்டைத் தாங்கும் உலோகப் பகுதியான ஆக்‌ஷனுக்கு எபாக்ஸி (கல்லாக இறுகும் பசை) படுக்கை போடுவது, கடைசியாகக் கட்டையைப் பாதியாக அறுப்பது. எல்லாம் எல்லா ரைபிளுக்கும் பொருந்தாது. சிலவற்றைச் செய்தபின் பழையபடி ஆக்கவும் முடியாது.

ஒப்பீட்டுக்குப் போகுமுன் சட்டம். வேட்டை ரைபிள் என்பது இங்கே பெயருக்கு மட்டும்தான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 வேட்டையைத் தடுக்கிறது. தோட்டத்தில் காட்டுப்பன்றி இறங்கினாலும் உரிமத் துப்பாக்கியை எடுத்து நாமே சுட்டுவிட முடியாது, வனத்துறைக்குத்தான் சொல்ல வேண்டும். சோதனைச் சூடு முழுக்க அனுமதி பெற்ற ரேஞ்சில் மட்டும். மலையடிவாரக் கல்குவாரியிலோ கண்மாய்க் கரையிலோ கூடாது. பேரலைக் குறுக்க ஆயுதச் சட்டம், 1959இன் 6ஆம் பிரிவின்படி தனி உரிமம் வேண்டும், அந்த யோசனையே வேண்டாம். உலோகத்தில் செய்யும் எந்த வேலைக்கும் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறைதான். கப்பலூரில் எவ்வளவு கைதேர்ந்த லேத் பட்டறை இருந்தாலும், உரிமம் இல்லாதவரிடம் துப்பாக்கியையோ அதன் பாகத்தையோ கொடுத்துவிட்டு வரக் கூடாது.

மரம் என்ன செய்கிறது

வால்நட் மரம் இழையின் குறுக்கே வீங்கும், நீளவாட்டில் கிட்டத்தட்ட வீங்காது. மரத்திலுள்ள ஈரம் ஒரு சதவீதம் ஏறினால் குறுக்கே ஏறக்குறைய கால் சதவீதம் அகலும். 40 மி.மீ. அகல முன்கட்டையில் கத்திரி வெயிலுக்கும் கார்த்திகை அடைமழைக்கும் இடையே ஈரம் நான்கு சதவீதம் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால் 0.4 மி.மீ. வருகிறது. இது சமமாக நடந்தால் தொல்லை இல்லை. ஆனால் கட்டையின் வெளிப்பக்கம் வார்னிஷ் பூசியிருக்கும், உள்ளே பேரல் காடி பெரும்பாலும் பூச்சில்லாத வெறும் மரமாகவே விடப்பட்டிருக்கும். நுனிப்பூணுக்கு (கட்டையின் நுனியை மூடும் உலோகத் தொப்பி) அடியில் இழையின் வெட்டுமுகம் திறந்தபடி கிடக்கும், ஈரத்தை அதிகம் உறிஞ்சும் இடமும் அதுதான். உள்பக்கம் ஒரு வேகத்தில் வீங்க, வெளிப்பக்கம் இன்னொரு வேகத்தில் வீங்க, மெல்லிய நீளக் கட்டை வளைந்து பேரலைத் தள்ளுகிறது. பாதிக்கட்டை ரைபிளில் இந்தத் தள்ளல் பேரலின் வேர்ப் பக்கத்தில் விழும், அங்கே பேரல் தடிமன். முழுக்கட்டையில் அது நுனியில் விழுகிறது.

நுனியில் விழுந்தால் எவ்வளவு? 500 மி.மீ. பேரலின் நுனி 0.1 மி.மீ. நகர்ந்தால், அதாவது ஒரு ஜெராக்ஸ் தாளின் தடிமன் அளவுக்கு வளைந்தால், 50 மீட்டரில் குறி சுமார் 15 மி.மீ. தள்ளும். ஒரு முனையைப் பிடித்து மறு முனையை அழுத்திய கம்பி எப்படி வளையுமோ அந்தக் கணக்குதான் இது. ஸ்கோப் ஆக்‌ஷன் மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கு இந்த வளைவு தெரியாது. பேரலிலேயே பொருத்திய இரும்புக் குறியில் முன்குறியும் சேர்ந்து நகர்வதால் பிழையின் பெரும்பகுதி ஈடாகிவிடும். இரும்புக் குறியோடு நன்றாகச் சுட்ட ரைபிள் ஸ்கோப் மாட்டியதும் கெட்டுவிட்டது போலத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வெப்பமும் சேர்கிறது. எஃகு ஒரு டிகிரிக்கு, மீட்டருக்கு 0.012 மி.மீ. நீளும். காலை 25 டிகிரியில் இருந்த பேரல் மாட்டுத்தாவணி வெயிலில் காரின் பின்சீட்டில் கிடந்து 60 டிகிரி ஆனால், 500 மி.மீ.க்கு 0.2 மி.மீ. நீளும். நுனிப்பூண் மரத்தோடும் திருகியிருந்து பேரலையும் இறுக்கிப் பிடித்தால், நீள இடமில்லாத பேரல் பக்கவாட்டில் நெளியும். சுடச்சுடக் குண்டுகள் ஒரே திசையில் படிப்படியாக நடந்து போவது இதன் அடையாளம்.

மரத்தைத் தொடாமல் என்ன செய்யலாம்

ஐந்திலும் செலவு குறைந்தது இதுதான். அவசரப்பட்டுத் தாண்டப்படுவதும் இதுவே. முன்கட்டையை அகட்டிவிட்டு, பிறகு ஸ்கோப் மவுண்ட் ஸ்க்ரூ தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்தால், போன மரம் திரும்ப வராது.

போல்ட்டைக் கழற்றி, சேம்பரையும் (தோட்டா உட்காரும் அறை) மேகசினையும் (தோட்டாக் கூடு) கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஆக்‌ஷன் ஸ்க்ரூக்களை முழுக்கத் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். முன் ஸ்க்ரூ முதலில், பின் ஸ்க்ரூ அடுத்து, நுனிப்பூண் ஸ்க்ரூ கடைசி. படுக்கை போடாத மரத்தில் .22க்கு 2 முதல் 2.5 நியூட்டன் மீட்டர் போதும். சைக்கிள் கடையில் கார்பன் ஃபிரேமுக்கு வைத்திருக்கும் சின்ன டார்க் திருப்புளி இந்த அளவைக் காட்டும். கைக்கணக்கில் இறுக்கினால் ஒவ்வொரு முறையும் வேறு அழுத்தம், ஒவ்வொரு முறையும் வேறு குறி. நுனிப்பூண் ஸ்க்ரூவை மட்டும் இறுக்கம் தட்டியதும் நிறுத்துங்கள். அது பூணைப் பிடிப்பதற்கு, பேரலை இழுப்பதற்கு அல்ல.

அடுத்தது தோட்டா. ஒவ்வொரு .22 பேரலுக்கும் ஒரு ருசி உண்டு, விலை அதைத் தீர்மானிப்பதில்லை. உரிமத்தில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்குள்தான் வாங்க முடியும் என்பதால், சோதனையைச் சிக்கனமாகத் திட்டமிட வேண்டும். மூன்று வகைத் தோட்டா, ஒவ்வொன்றிலும் 35. வகை மாற்றும்போது முதல் பத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், பேரலில் படிந்த பழைய மெழுகு போய்ப் புதியது படிய அவ்வளவு தேவை. மீதி 25இல் ஐந்தைந்தாக ஐந்து குரூப், அதாவது ஒரே குறிக்குச் சுட்ட ஓட்டைகளின் கொத்து. ஓட்டைகளின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு வெர்னியரில் அளந்து 5.6 மி.மீ. கழியுங்கள். ஐந்தின் சராசரிதான் விடை. மிகச் சிறிய குரூப்பை மட்டும் காட்டிப் பெருமைப்படுவதால் ரைபிளைப் பற்றி எதுவும் தெரியாது. அதே ரைபிள், அதே தோட்டா ஒரு முறை 14 மி.மீ., அடுத்த முறை 26 மி.மீ. காட்டுவது இயல்பு. குரூப்பின் மையம் எங்கே விழுந்தது என்பதையும் தேதியோடும் வெப்பநிலையோடும் குறித்து வையுங்கள். முழுக்கட்டை ரைபிளில் குரூப்பின் அளவைவிட மையத்தின் அலைச்சல்தான் கூடுதல் செய்தி சொல்லும்.

ஒலியின் வேகத்துக்குக் கீழே பறக்கும் ஸ்டாண்டர்டு வகையை எடுங்கள். 40 டிகிரி வெயிலில் ஒலி வினாடிக்கு 355 மீட்டர் ஓடுகிறது. 320, 330இல் கிளம்பும் குண்டு அதைத் தொடவே தொடாது. 380இல் கிளம்பும் அதிவேகக் குண்டு போகும் வழியில் ஒலியின் வேகத்தைக் கடந்து இறங்கும்போது தடுமாறும். ஒரே பெட்டிக்குள் வேகம் 10 மீட்டர் வித்தியாசப்பட்டால் 50 மீட்டரில் மேல்கீழாக 7 முதல் 8 மி.மீ. விலகும். தோட்டாவின் சீர்மைக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது.

ஸ்கோப்பின் பாரலாக்ஸையும், அதாவது கண் நகரும்போது குறிக்கோடு இலக்கின் மேல் நகர்வதையும், பாருங்கள். பெரிய ரைபிளுக்கான ஸ்கோப்பில் அது பெரும்பாலும் 100 மீட்டர் சுற்றுக்கு வைக்கப்பட்டிருக்கும். 40 மி.மீ. கண்ணாடியுள்ள அப்படியொரு ஸ்கோப்பை 50 மீட்டரில் பயன்படுத்திக் கண்ணை விளிம்புக்கு விளிம்பு நகர்த்தினால், மையத்திலிருந்து 10 மி.மீ. வரை பிழை வரலாம். .22க்கென்றே செய்த ஸ்கோப், அல்லது பாரலாக்ஸைத் திருத்தும் வளையம் உள்ளது, இந்த இரண்டில் ஒன்று வேண்டும்.

மணல் மூட்டையை எங்கே வைக்கிறீர்கள் என்பது முழுக்கட்டைக்கு உயிர்நிலை. நுனிக்கு அருகில் வைத்தால் ரைபிளின் எடையே கட்டையைப் பேரல் மீது அழுத்தும். மேகசினுக்குச் சற்று முன்னால் வைத்து, அந்த இடத்தைக் கட்டையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வார் மாட்டும் வளையம் நுனிப்பக்கத்தில் இருந்தால், வாரை இழுத்துப் பிடித்துச் சுடுவதும் அதே கெடுதலைச் செய்யும்.

கடைசியாக கிரவுன், அதாவது பேரல் வாயின் விளிம்பு. பேரல் வாயைச் சுற்றிப் பூண் இருப்பதால் அழுக்கும் வியர்வை உப்பும் அங்கே தங்கிவிடும். காது குடையும் பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டு வெளியே இழுத்துப் பாருங்கள். ஏதேனும் ஓரிடத்தில் பஞ்சு நூல் சிக்கினால் விளிம்பில் பிசிறு இருக்கிறது. பித்தளை உருண்டைத்தலை ஸ்க்ரூவும் வால்வ் கிரைண்டிங் பேஸ்ட்டும் கொண்டு துப்பாக்கிப் பட்டறையில் இதைச் சில நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள்.

இவ்வளவும் செய்தபின் 50 மீட்டரில் சராசரி 20 மி.மீ. சுற்றிலும், மையம் நிலையாகவும் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இந்த வகை ரைபிளுக்கு அது நல்ல குறி.

காடியை அகட்டுவது

மையம் அலைகிறது என்றால் பேரலும் மரமும் எங்கே தொடுகின்றன என்று தேட வேண்டும். பத்து ரூபாய் நோட்டைப் பேரலுக்கடியில் நுழைத்து இழுக்கும் பழைய சோதனை முழுக்கட்டையில் பூணைக் கழற்றினால்தான் நடக்கும், அதுவும் தொடும் இடத்தை மட்டுமே காட்டும். தொடும் விசையைக் காட்ட, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வேண்டும். காந்த அடித்தளத்தைப் பேரலில் நிறுத்தி, முள்ளை முன்கட்டையின் மேல்விளிம்பில் வைத்து, பூண் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். முள் 0.05 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் நுனியில் இழுபறி இருக்கிறது. அதை இறுக்கிவிட்டு முன் ஆக்‌ஷன் ஸ்க்ரூவுக்கும் இதே சோதனை. நுனி நகர்ந்து ஆக்‌ஷன் நகராவிட்டால் காடியை அகட்டுவது போதும். ஆக்‌ஷனும் நகர்ந்தால் படுக்கையும் தேவைப்படலாம்.

எவ்வளவு அகட்ட? பாதிக்கட்டையில் தாள் நுழையும் இடைவெளி போதும் என்பார்கள். நம் ஊரில் முழுக்கட்டைக்கு அது போதாது. மேலே பார்த்த 0.4 மி.மீ. அசைவோடு கட்டையின் வளைவும் கையின் அழுத்தமும் சேரும். ஆசாரிக் கணக்கில் அரை நூல், அதாவது ஒன்றரை மி.மீ. சுற்றிலும் விடுங்கள். பார்வைக்குக் கொஞ்சம் அகலமாகத்தான் தெரியும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

உளி வேண்டாம். பேரலைவிட 3 மி.மீ. கூடுதல் விட்டமுள்ள மரக் கழியில் 80ஆம் நம்பர் உப்புத்தாளைச் சுற்றி, நீளவாட்டில் தேய்த்து, 180இல் முடியுங்கள். பேரல் வேரிலிருந்து முதல் 30 மி.மீ.யைத் தொடாமல் விட வேண்டும், ஆக்‌ஷனின் கழுத்துக்கு அங்கே தாங்கல் தேவை. பக்கச் சுவர் எங்கேயும் 4 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. அதற்குக் கீழே போனால் கையழுத்தத்திலேயே நெளியும், அரை நூல் இடைவெளி விட்டும் பயன் இல்லாமல் போகும். பேரலில் சிவப்புப் பென்சில் மை தடவி இறக்கி, கறை பட்ட மேட்டை மட்டும் தேய்ப்பது நல்ல பழக்கம். மொத்தமாகத் தேய்த்தால் காடி கோணலாகும்.

நுனிப்பூணின் உள்வாயும் பேரலைத் தொடக் கூடாது. பூண் மரத்தோடு மட்டும் திருகப்பட்ட மாடலில் இது சுலபம், பட்டறையில் உள்வாயை அரை மி.மீ. பெரிதாக்கிக் கொடுப்பார்கள். சில மாடல்களில் பூண் ஸ்க்ரூ பேரலின் அடியில் உள்ள கொக்கியில் ஏறும். அந்த வகையில் பேரலை முழுக்க விடுவிக்க முடியாது, அப்போது அடுத்துச் சொல்லும் நுனி அழுத்தமே வழி.

அகட்டியதும் அதே நாளில் பூச்சு. இதைச் செய்யாமல் விட்டால் முன்பைவிட மோசமாகும், ஏனென்றால் புதிதாகத் திறந்த மரம் இன்னும் வேகமாக ஈரத்தைக் குடிக்கும். ஆளிவிதை எண்ணெய் மணமும் மினுமினுப்பும் தரும், ஆனால் ஈரத்தைத் தடுப்பதில் பலவீனம். காடிக்கு தின்னர் கலந்து இளக்கிய பாலியூரித்தேன் மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நாள். பூணுக்கடியில் உள்ள வெட்டுமுகத்துக்கு ஐந்து பூச்சு. ஸ்க்ரூ ஓட்டைகளின் உட்சுவரையும் மறக்க வேண்டாம். இந்த வேலைக்கு மாசி, பங்குனி ஏற்ற காலம், மரம் காய்ந்திருக்கும். அடைமழையில் ஈரத்தோடு பூசி மூடினால் ஈரம் உள்ளேயே அடைபடும்.

நுனியில் அளந்த அழுத்தம்

இது தலைகீழான வழி. பேரலைத் தொடாமல் விடுவதற்குப் பதிலாக, ஒரே இடத்தில், ஒரே அளவில் தொட வைப்பது. லீ–என்ஃபீல்டு எண் 4 ரைபிளில் கட்டையின் நுனி பேரலை மேல்நோக்கித் தள்ளும்படிதான் பொருத்துவார்கள். மெல்லிய பேரலின் அதிர்வை இது அடக்கும். நன்றாக அமைந்தால் குரூப் காடியை அகட்டியதைவிடச் சிறியதாகவும் வரக்கூடும்.

சோதிப்பது எளிது. விசிட்டிங் கார்டை 10 மி.மீ. அகலத் துண்டுகளாக வெட்டி, பூணுக்கு ஓர் அங்குலம் பின்னால் காடிக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கி ஒவ்வோர் அடுக்குக்கும் இரண்டு குரூப் சுடுங்கள். விசையை அளக்க லக்கேஜ் தராசு போதும். ரைபிளைக் கவிழ்த்து ஆக்‌ஷனை மெத்தைவைத்த வைஸில் நிறுத்தி, கட்டை நுனியில் தராசை மாட்டி மேலே இழுத்தால், காகிதத் துண்டு எந்த அளவில் தளர்கிறதோ அதுதான் அழுத்தம். .22க்கு 2 முதல் 3 கிலோவில் தொடங்கிப் பார்க்கலாம். சரியான அடுக்கு கிடைத்ததும் கார்டை எடுத்துவிட்டு எபாக்ஸித் திண்டு வைக்கலாம். கார்டு ஈரத்தில் ஊறும், தோல் துண்டு வைத்தாலும் அமுங்கும்.

இதன் பலவீனம் வெளிப்படையானது. அழுத்தம் கொடுப்பது மரம், மரம் பருவத்தோடு மாறும். வைகாசியில் 2.5 கிலோ இருந்தது கார்த்திகையில் 4 கிலோ ஆனால் மையம் மறுபடி நகரும். மதுரையில் பழகிவிட்டுக் கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஈர இடத்துக்குக் கொண்டுபோகிறவருக்கு இது ஒத்துவராது. ஒரே ரேஞ்சில், போட்டிக்கு முந்தைய வாரம் எப்படியும் சீரோ பார்க்கிறவருக்கு (ஸ்கோப்பின் குறியைச் சரிசெய்கிறவருக்கு) ஒத்துவரும். மரத்தை இழக்காத வழி என்பதால், காடியை அகட்டுமுன் கார்டு சோதனையை ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது.

எபாக்ஸிப் படுக்கை

டயல் கேஜில் ஆக்‌ஷன் நகர்வது தெரிந்தால், அல்லது குரூப் இரண்டு கொத்தாகப் பிரிந்து விழுந்தால் (ஸ்கோப் மவுண்ட் உறுதியாக இருக்கிறது என்று பார்த்தபின்), ஆக்‌ஷன் மரத்தில் சரியாக உட்காரவில்லை. பழைய ரைபிள்களில் எண்ணெய் ஊறி ஸ்க்ரூவைச் சுற்றி மரம் நைந்திருக்கும். இழுக்க இழுக்க அமுங்கும், இறுக்கம் ஒரு வாரம்கூட நிற்காது.

முதலில் தூண்கள். 14 மி.மீ. வெளிவிட்டம், 7 மி.மீ. உள்விட்டமுள்ள அலுமினியக் குழாயை மரத்தின் தடிமனுக்குச் சரியாக வெட்டி, இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகளிலும் நிறுத்த வேண்டும். ஸ்க்ரூவின் இழுவை மரத்தில் விழாமல் உலோகத்தில் விழும். அதன்பின் ஆக்‌ஷன் உட்காரும் இடத்தில் 2 மி.மீ. மரத்தை எடுத்து எபாக்ஸி நிரப்ப வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மெதுவாக இறுகும் அரால்டைட் இதற்கு ஏற்றது. ஐந்து நிமிட வகை நம் வெயிலில் கலக்கும்போதே கெட்டியாகிவிடும். எண்ணெய் ஊறிய மரத்தில் எபாக்ஸி ஒட்டாது, முந்தின நாள் அசிட்டோனால் மூன்று நான்கு முறை துடைத்துக் காயவிடுங்கள்.

ஒட்டக் கூடாத இடமெல்லாம் மெழுகுவகை ஷூ பாலிஷ் இரண்டு பூச்சு. ஆக்‌ஷனில் உள்ள ஒவ்வொரு ஓட்டையும் பள்ளமும் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணால் மூடப்பட வேண்டும். ஒரு பள்ளத்தை விட்டாலும் எபாக்ஸி உள்ளே போய்க் கொக்கி போட்டுக்கொள்ளும், பிறகு கட்டையை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். உதையைத் தாங்கும் உலோகப் புடைப்பான ரீகாயில் லக்கின் முன்முகம், பக்கங்கள், அடிப்பகுதி மூன்றிலும் ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள், பின்முகம் மட்டும் எபாக்ஸியில் நேரடியாகப் படட்டும். முழுக்கட்டைக்கென்று கூடுதலாக ஒன்று உண்டு: பேரல் நுனியில் டேப்பை அடுக்கடுக்காகச் சுற்றி, காடியின் நடுவில் மிதக்கும்படி உயர்த்திக்கொள்ள வேண்டும். இதை விட்டுவிட்டால் ஆக்‌ஷன் கோணலாகப் படுத்து, நீளக் கட்டையின் நுனியில் பேரல் ஒருபக்கச் சுவரில் போய் ஒட்டும்.

ஆக்‌ஷனை இறக்கியபின் ஸ்க்ரூவை முறுக்கி இறுக்கக் கூடாது. இறுக்கினால் வளைந்த நிலையிலேயே அச்சு விழும். தலையில்லாத வழிகாட்டித் தண்டுகளைப் போட்டு, மேலே பழைய சைக்கிள் ட்யூபை இளக்கமாகச் சுற்றி வையுங்கள். 24 மணி நேரம் கழித்து எடுத்து, மறுபடி டயல் கேஜ். முள் 0.02 மி.மீ.க்குள் நின்றால் படுக்கை சரி. போல்ட், சேஃப்டி, ட்ரிகர், மேகசின் நான்கும் தோட்டா இல்லாமல் தடையின்றி இயங்குகின்றனவா என்று பார்க்காமல் ரேஞ்சுக்கு எடுத்துப் போகாதீர்கள். பிதுங்கிய எபாக்ஸி ட்ரிகர் பக்கம் உராய்ந்தால் அது உயிர் அபாயம்.

முதல் தடவை செய்கிறவர் இதைத் தனியாகச் செய்யாமல் உரிமம் பெற்ற பட்டறையில் ஒப்படைப்பது நல்லது. நுனி இழுபறி தீராமல் படுக்கை மட்டும் போட்டால் பலன் பாதிகூட வராது. நிறையப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்.

பாதியாக அறுப்பது

பரிந்துரைக்க முடியாத வழி. நுனித் தொல்லை தீரும் என்பது உண்மை. ஆனால் காடியை அகட்டினால் கிடைக்கும் அதே பலன்தான் கிடைக்கிறது, மாற்றாகக் கட்டையின் அழகும் கைமாற்று மதிப்பும் போகின்றன. அடியில் கொக்கி இருக்கும் பேரலில் அது வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். முன்பாரம் குறைந்து ரைபிள் நின்று சுடும்போது ஆடும். கட்டை ஏற்கெனவே நுனியில் பிளந்து, ஒட்டியும் நிற்கவில்லை என்றால் மட்டும் யோசிக்கலாம். வேறு ரைபிள் வாங்கிவிடலாமே என்றால், 2019 திருத்தத்துக்குப் பின் பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். இருக்கும் இரண்டு இடத்தில் ஒன்றை இன்னொரு ரைபிளுக்குச் செலவிடுவது பலருக்குக் கட்டாது.

யாருக்கு எது

வருடம் முழுக்க ரேஞ்சுக்குப் போகிறவர், அவ்வப்போது வெளியூர்ப் போட்டிக்கும் போகிறவர் என்றால் காடியை அரை நூல் அகட்டிப் பூச்சு போடுவதே சரி. குரூப்பின் அளவில் ஓரிரு மி.மீ. நுனி அழுத்த முறையிடம் தோற்கலாம், மையம் நிலையாக நிற்பது அதைவிடப் பெரிய லாபம். பூண் பேரலோடு திருகப்பட்ட மாடலாக இருந்தால் நுனி அழுத்தம், கூடவே ஐப்பசியிலும் பங்குனியிலும் ஒருமுறை தராசு வைத்துப் பார்ப்பது. எண்ணெய் ஊறி நைந்த கட்டைக்குத் தூணும் படுக்கையும், அதன்பின் காடி. இந்த வரிசையை மாற்ற வேண்டாம், ஏனென்றால் படுக்கை போட்டதும் பேரல் காடியில் உட்காரும் இடம் மாறும், முன்னால் அகட்டியிருந்தால் ஒரு பக்கம் இடிக்கும். .315 போன்ற பெரிய ரைபிளில் உதை அதிகம் என்பதால் படுக்கைக்கு முன்னுரிமை. இஷாப்பூரில் செய்த லீ–என்ஃபீல்டுகளில் முன்கட்டையின் குறுக்கே ஒரு கூடுதல் ஸ்க்ரூ இருப்பதைப் பார்த்திருக்கலாம், மரத்தை இழுத்துப் பிடிக்கத்தான் அது. அதைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

எந்த வழியை எடுத்தாலும், தேர்தல் வந்து ரைபிளை ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கும் நாளில் ஒரு வேலை இருக்கிறது. இரண்டு மூன்று மாதம் வேறு அறையில், வேறு ஈரத்தில், சில சமயம் சுவரில் சாய்த்தபடி இருந்திருக்கும். வாங்கியதும் நேராக ரேஞ்சுக்குப் போகாமல், பூணைக் கழற்றி மரத்தைப் பிரித்து, பேரலின் அடிப்பக்கத்தில் துரு இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள். முழுக்கட்டை மறைப்பதால் அங்கே துரு பிடிப்பது வெளியே தெரியாது. மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து, பத்து நாள் வீட்டு அலமாரியில் படுக்கை வசமாக வைத்து மரம் பழைய ஈரத்துக்குத் திரும்பியபின், 2 நியூட்டன் மீட்டரில் இறுக்கி, நோட்டுப் புத்தகத்தில் உள்ள பழைய மையத்தோடு முதல் குரூப்பை ஒப்பிடுங்கள்.